நான்கு கம்பளி ஆடுகளும் ஒரு குறையும்

மார்ச் 4, செவ்வாய். இன்றைய தவறு: ஷோரூமின் கருத்துப் படிவத்தில் 'பாராட்டு' என்ற கட்டத்தில் போட வேண்டிய டிக்கை 'குறை' என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் போட்ட பிறகுதான் கவனித்தேன். பெட்டி பூட்டியிருந்தது. சின்னத் தவறு என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய நாட்குறிப்பு தினமும் இப்படித்தான் தொடங்கும். மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறை அது. அலுவலகக் கடிதம் எழுதப் பழக்கும் ஆறு மாத வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், ஐந்தரையிலிருந்து ஏழு வரை. முதல் வரியில் அன்று செய்த தவறு, கடைசி வரியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை, நடுவில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. வகுப்பில் முப்பது பேர். இருபத்தொன்பது பேர் இரண்டாம் வாரமே அந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டார்கள். அவள் மட்டும், தவறே செய்யாத நாளில்கூட எங்கேயாவது ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதிவிட்டுத்தான் படுப்பாள்.

பகலில் அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. யார் என்ன சொன்னாலும் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்வதைப் பார்த்து அங்கிருந்த நர்ஸ் அக்கா அவளுக்கு 'டைரி' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. "டைரி, அடுத்த பேஷன்ட்டை அனுப்பு" என்று பெரிய டாக்டரே கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்வாரே ஒழிய, தன் வாயை அதற்கு மேல் திறக்க மாட்டார். அதற்கும் சேர்த்துத்தான் அவர் மனைவி இருந்தார். அந்த அம்மா ஒரு பல்லையும் பிடுங்கியது கிடையாது. ஆனாலும் அவருக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர். மருத்துவமனையின் நிர்வாகம் முழுக்க அவர் கையில்.

காத்திருப்புக் கூடத்தில் நான்கு ஆடுகள் நின்றன. நிஜ ஆட்டின் உயரம், நிஜ ஆட்டுக் கம்பளி, கறுப்பு மரத்தில் முகமும் கால்களும். ஜன்னல் பக்கம் இரண்டு, மீன்தொட்டிக்கு அருகே ஒன்று, கட்டணம் கட்டும் மேசைக்கு எதிரே ஒன்று. நான்கின் முகத்திலும் ஒரே பாவம், யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல. பில்லைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நோயாளிகள் அந்த நான்காவது ஆட்டைத் தங்கள் சொந்தக்காரரைப் போலத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். குழந்தைகளுக்கோ வேறு எதுவும் வேண்டாம். ஆட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் பல் வலியே மறந்துவிடும்.

வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்று சிறந்த காத்திருப்பு அறைக்குப் பரிசு அறிவித்ததும் டாக்டரம்மாவுக்குத் தூக்கம் போனது. விண்ணப்பத்தில் பதினொரு கேள்விகள். பத்துக்கு அவரே பதில் எழுதிவிட்டார். பதினோராவது கேள்வி: 'முக்கிய அலங்காரப் பொருளைச் செய்த கலைஞரின் பெயர்.'

"டைரி, சனிக்கிழமைக்குள்ள அந்தப் பேரு எனக்கு வேணும்" என்றார் டாக்டரம்மா. "உன் கன்ஃபர்மேஷன் லெட்டரும் அன்னிக்குத்தான் கையெழுத்தாகுது. ரெண்டு வேலையும் ஒண்ணா முடியட்டும், என்ன?"

அந்த 'என்ன'வில் இருந்த அர்த்தம் அவளுக்குப் புரியாமல் இல்லை. எட்டு மாதமாகத் தற்காலிக வேலை. அண்ணன் வீட்டில், இரண்டு அறையில், அண்ணியின் தையல் மிஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுக்கிறவள் அவள். வேலை நிரந்தரமாகிவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதை அண்ணி பிடித்துக்கொண்டு, மிஷினை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று தரையில் சாக்பீஸால் கோடே போட்டு வைத்திருந்தாள்.

முறைப்படித்தான் தொடங்கினாள். ஆடுகளை விற்ற ஷோரூமுக்கு முதலில் பேசினாள். "அருமையான வேலைப்பாடு சார். செஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவோம்" என்றாள்.

"எங்க சொந்தத் தயாரிப்பு மேடம்" என்றார் ஷோரூம் மேனேஜர். "பேருதானே? என் பேரையே போட்டுக்குங்க."

துண்டுப் பிரசுரத்தில் டிசைனர் ஒருவரின் பெயர் இருந்தது. அவரிடமும் அதே பாராட்டைச் சொன்னாள்.

"அந்த ஆடுங்க எனக்குக் கனவுல வந்துச்சு" என்றார் அவர்.

"நாலுமா சார்?"

"நாலும். ஒரே கனவுல."

கொண்டுவந்து இறக்கிய ரசீதில் ஒரு குடோனின் முகவரி இருந்தது. குடோன்காரரும் பாராட்டைக் கேட்டுக் குளிர்ந்துபோனார். "நம்ம கைவேலைதாம்மா. வேற யாரு செய்யப்போறா?" என்றார். என்ன மரம் என்று மூவரிடமும் கேட்டாள். ஒருவர் தேக்கு என்றார், ஒருவர் வெளிநாட்டு மரம் என்றார், மூன்றாமவர் "மரமா? அதுல மரம் இருக்கா?" என்று அவளையே கேட்டார். ஒரே வரிக்கு மூன்று பெயர்கள் நோட்டில் சேர்ந்ததுதான் மிச்சம்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நேரிலேயே ஷோரூமுக்குப் போனாள். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கருத்துப் படிவம் ஒன்றை எடுத்து, 'ஆடுகள் மிக அழகாக இருக்கின்றன. உண்மையில் அவற்றைச் செய்தவரைச் சந்திக்க விரும்புகிறோம்' என்று மணிமணியாக எழுதினாள். அவ்வளவு கவனமாக எழுதியவள் டிக்கை மட்டும் பக்கத்துக் கட்டத்தில் போட்டுவிட்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் போன் அடித்தது.

"மேடம், குறைன்னு போட்டிருக்கீங்க." மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. "அந்த ஆட்டுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல மேடம். வாங்கி விக்கிறதோட சரி. எல்லாம் அந்த டிசைனர் பண்ற வேலை. அவரைப் பிடிங்க. என்ன, கம்பளி உதிருதா?"

படிவத்தில் கட்டத்துக்குக் கீழே இருந்ததை அவர் படிக்கவே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. இல்லை சார், கைதவறி டிக் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வாரம் தேனொழுகப் பேசியும் கிடைக்காத உண்மை ஒரு தவறான டிக்குக்குக் கிடைத்திருக்கிறதே என்ற எண்ணம் அதற்குள் குறுக்கே வந்தது.

"ம்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த 'ம்'மை அன்றைய நாட்குறிப்பில் அவள் எழுதவில்லை.

புதன்கிழமை டிசைனரின் அலுவலகம். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, உட்காரவே முடியாத ஒரு நாற்காலி. அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"உங்க ஆட்டைப் பத்திச் சின்னதா ஒரு குறை சார்."

"என் ஆடா?" அவர் சட்டென்று எழுந்துவிட்டார். "நான் கோடு போட்டுக் கொடுக்கிறவன்மா. கோடு உதிருமா சொல்லு? செஞ்சது, ஒட்டுனது எல்லாம் குடோன்காரங்க. ஷோரூம்லேருந்து சொன்னாங்க, உள்ள பூச்சி வெச்சு, அது பேஷன்ட் மேலெல்லாம் ஏறுதாமே?"

நேற்று உதிர்ந்த கம்பளிக்கு இன்று பூச்சி பிடித்திருந்தது. பூச்சி எதுவும் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். சொன்னால் ஆடு மறுபடி அவருடைய கனவுக்குப் போய்விடும்.

"பார்த்துட்டிருக்கோம் சார்" என்றாள்.

"கனவுல வந்துச்சுன்னு சொன்னீங்களே?" என்று கிளம்பும்போது கேட்டாள்.

"கனவுக்கெல்லாம் நான் பொறுப்பேத்துக்க முடியுமா?"

வியாழக்கிழமை குடோனுக்குப் போனாள். குடோன்காரர் அவளைக் கண்டதும் கை கூப்பினார். "குழந்தைக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"எந்தக் குழந்தைக்கு?"

"ஆடு கடிச்ச குழந்தைக்குத்தான்."

"மர ஆடு சார் அது."

"அதைத்தான் நானும் கேட்டேன். வாயில கம்பி நீட்டிட்டிருந்து குத்தியிருக்கும்னு டிசைனர் சொல்றார். பல் ஆஸ்பத்திரியில வெச்சுக் கடிச்சிருக்கு பாருங்க, அதுதான் கேவலம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லம்மா. லாரிக்கு சீட்டு தைக்கிற பொம்பளை ஒண்ணு, டயர்க்கடைக்குப் பின்னாடி இருக்கு. அதுதான் செய்யுது. சீட்டக்கான்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. நீங்க கவலைப்படாதீங்க, சொல்ற விதத்துல நேத்தே சொல்லிட்டேன்."

எந்த விதத்தில் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. முகவரியைக் குறித்துக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, இந்த மூன்று நாளில் தானாக ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். 'ம்' ஒன்று, 'பார்த்துட்டிருக்கோம்' ஒன்று, பேசாமல் இருந்தது ஒன்று. தாளில் எழுதிப் பார்த்தபோது எதுவுமே குற்றமாகத் தெரியவில்லை. அவள் கையெழுத்து அவ்வளவு நேர்த்தி.

வெள்ளிக்கிழமை டயர்க்கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆறு ஆடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒன்றுக்குக் கழுத்திலிருந்து முதுகு வரை கம்பளி பிய்க்கப்பட்டு, உள்ளே சாக்குத்துணி தெரிந்தது. அதன் பக்கத்தில் கம்பளிக் குவியல். குவியலுக்கு நடுவில், கையில் குறடுடன், நாற்பது வயதிருக்கும் ஒருவர்.

"சீட்டுன்னா திங்கக்கிழமைதான்" என்றார் தலையைத் தூக்காமல். "இப்பக் கை ஒழியல."

"சீட்டுக்கு இல்லக்கா. ஆட்டைப் பத்தி."

"வாங்க, வாங்க. ஆட்டைப் பத்திப் பேச ஆள் வராதான்னுதான் உட்கார்ந்திருக்கேன்." சீட்டக்கா குறடால் ஒரு கம்பளிப் பட்டையைப் பிடித்து இழுத்தார். "ஆறு உருப்படி. ஒண்ணரை மாச வேலை. எல்லாத்தையும் குடோன்காரன் திருப்பி அனுப்பிட்டான். மொத்தக் கம்பளியையும் பிச்சு, உள்ள கம்பி இருக்கான்னு பார்த்துக் காட்டணுமாம். நாளைக்கு மத்தியானம் வண்டி அனுப்புவானாம். அதுக்குள்ள காட்டலைன்னா இனிமே எனக்கு வேலை கிடையாதாம். ஆட்டுக்குள்ள எங்கேருந்து வரும் கம்பி? எந்த மகராசி வாயிலேருந்து வந்துச்சோ இந்தக் குறை, அவ வாய்ல..."

என்ன விழ வேண்டும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். அவள் அதை நோட்டில் குறித்துக்கொள்ளவில்லை.

"சும்மா நிக்காதீங்க. இந்தப் பக்கத்தைப் பிடிங்க."

பிடித்தாள். கம்பளி லேசில் பிய்ந்து வருவதாக இல்லை. வாலிலிருந்து தலை வரைக்கும், ஓடு வேய்வதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக, பட்டை பட்டையாகத் தைத்திருந்தது. உதிர்வதற்கு வழியே கிடையாது.

"உள்ள என்னக்கா இருக்கு?"

"லாரி சீட்டு" என்றார் சீட்டக்கா. "டிரைவர் சீட்டுக்கு வைக்கிற அதே சட்டம், அதே தேங்காய் நார். அந்தப் படம் போடுற ஆளு ஈர்க்குச்சி மாதிரிக் காலு வரைஞ்சு அனுப்பினார். கோழி உட்கார்ந்தாக்கூட விழுந்துரும். ஆட்டைப் பார்த்தா குழந்தை ஏறாம இருக்குமா? அதான் நான் சீட்டா செஞ்சு, மேல ஆடு போர்த்திட்டேன். முகமும் காலும் என் கொழுந்தன் செதுக்குறது."

"முகம் யாரையோ பார்த்த மாதிரி..."

"எதிர்ல டயர்க்கடை முதலாளி. அவருக்குத் தெரியாது, சொல்லிராதீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. கையில் இருந்த கம்பளி கனத்தது. மாலை வகுப்பில் வருத்தம் தெரிவிக்கும் கடிதத்துக்கு ஐந்து மாதிரிகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றுகூட நேரில் சொல்வதற்குப் பயன்படாது என்று அங்கேதான் தெரிந்தது.

"அக்கா, அந்தக் குறையைச் சொன்னது நான்தான்."

குறடு நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பத்திரிகைப் போட்டி, பதினோராவது கேள்வி, தவறிப்போன டிக், அந்த 'ம்', பூச்சி, கடித்த ஆடு. பாராட்டினால் மூன்று பேரும் தானே செய்ததாகச் சொன்னார்கள், குறை சொன்னால்தான் அடுத்தவரைக் கைகாட்டினார்கள், அதனால்தான் என்றாள். உங்களைக் கண்டுபிடிக்கத்தான் அக்கா இவ்வளவும் என்றும் சொன்னாள். சொல்லும்போதே அது அசட்டுத்தனமாக அவள் காதிலேயே விழுந்தது.

"என்னைக் கண்டுபிடிக்கவா?" சீட்டக்கா எழுந்து, பிய்க்காத ஆடு ஒன்றைப் புரட்டிப் போட்டார். அடிவயிற்றில் கம்பளிக்குள் மறைந்து மூன்று பொத்தான்கள். கழற்றினார். சட்டைப்பை அளவில் ஒரு பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்: ஊசி, நூல்கண்டு, கைப்பிடிக் கம்பளி, பிளாஸ்டிக் உறையில் ஒரு துண்டுத் தாள். 'பிய்ந்தால் கூப்பிடவும். வந்து தைத்துத் தருவோம்.' அதற்குக் கீழே போன் நம்பர்.

"நான் செஞ்ச எல்லா ஆட்டுலயும் இருக்கு" என்றார். "உங்க நாலுலயும் இருக்கும். ஆட்டைத் திருப்பிப் பார்த்தீங்களா?"

அவள் ஒருமுறைகூடத் திருப்பியதில்லை. இத்தனை நாளும் அந்த நான்கு ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் ஊரெல்லாம் போன் போட்டிருந்தாள்.

"இவ்வளவு எழுதுறீங்க" என்றார் சீட்டக்கா அவள் நோட்டைப் பார்த்து. "குனிஞ்சு பார்க்கணும்னு எந்தப் பக்கத்துலயும் எழுதலியா?"

"குடோன்ல நானே போய்ச் சொல்லிடறேன்க்கா. இப்பவே போறேன்."

"வாயால சொல்லி ஆகிற காரியமா இது? உங்க ஆஸ்பத்திரி லெட்டர்ல குறைன்னு வந்துச்சுன்னு அவன் சொல்றான். வெறும் டிக்குக்கே இந்தக் கூத்து. லெட்டர்ல எழுதி, சீல் போட்டுக் கொண்டாங்க. ஆட்டுக்குக் குறை எதுவும் இல்ல, குழந்தையை ஒண்ணும் கடிக்கலன்னு. நாளைக்கு வண்டி வர்றதுக்குள்ள. அதுவரைக்கும் மீதி அஞ்சு ஆட்டுல நான் கை வைக்கல."

சீல் டாக்டரம்மாவின் மேசை இழுப்பறையில் இருந்தது. சாவி அவர் கைப்பையில். அவர் படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் அது விழாது.

"உங்க பேரும் வேணும்க்கா. கலைஞர் பேருக்கு."

"போடுங்க. இனிஷியலோட போடுங்க" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார் சீட்டக்கா. "போன தடவை கரண்ட் பில்லுல தப்பாப் போட்டுட்டாங்க."

நான்கு மணிக்கு மருத்துவமனைக்குத் திரும்பியதும் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, மீன்தொட்டி ஆட்டைத் திருப்பினாள். மூன்று பொத்தான்கள். ஊசி, நூல், கம்பளி, துண்டுத் தாள்.

"அட, இத்தனை நாளா வயித்துல வெச்சுக்கிட்டுச் சும்மா நின்னிருக்கு பாரு" என்றார் நர்ஸ் அக்கா. "வாய் திறந்து சொல்லாதது இந்த ஆஸ்பத்திரியில டாக்டரும் இதுவும்தான்."

டாக்டரம்மா அறையில் விண்ணப்பம் தயாராக இருந்தது. பதினோராவது வரியில் டிசைனரின் பெயர், அழகான கையெழுத்தில்.

"மேடம், அவர் செய்யல. லாரிக்கு சீட்டு தைக்கிறவங்க ஒருத்தங்க செஞ்சது. நேர்ல பார்த்துட்டு வர்றேன்."

"லாரி சீட்டா?" டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அதைப் போட்டா பரிசு குடுப்பாங்களா டைரி? அவர் பேருன்னா நாலு பேருக்குத் தெரியும். நீ அலைஞ்சதெல்லாம் வீண்னு நினைக்காத. உன் உழைப்பை நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்." பக்கத்தில் இருந்த ஃபைலைத் தட்டினார். "லெட்டர் டைப் ஆயிடுச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆடிட்டர் வருவார், அவர் முன்னாடி கையெழுத்துப் போட்டுடலாம். அப்புறம் அந்தக் குடோன் ஆளு போன் பண்ணான். ஏதோ நம்ம ஆடு கடிச்சுதாமே? யாரோ வேணும்னே புரளி கிளப்பறாங்க. யாருன்னு தெரியட்டும், தோலை உரிச்சுடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது. அந்தக் கட்டடத்தில் அது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. அதற்குள் டாக்டரம்மாவுக்குப் போன் வந்துவிட்டது.

வீட்டில் அண்ணி சாக்பீஸ் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தாள். "நாளைக்கு உறுதிதானே? அண்ணன்கிட்ட சொல்லி மிஷினை நகர்த்திடவா?"

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நகர்த்தாதீங்க அண்ணி."

"ஏன்டி, அதுல என்ன சந்தேகம்?"

"கோடு இருக்கட்டும்."

வகுப்புக்கு இன்னும் அரை மணி இருந்தது. பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முதலில் பழைய பக்கத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமைப் பதிவில் 'சின்னத் தவறு' என்பதில் 'சின்ன' என்பதை அடித்தாள். விட்டுப்போன 'ம்'மை ஓரத்தில் சேர்த்தாள். பிறகு புதிய பக்கம்.

மார்ச் 7, வெள்ளி. இன்றைய தவறு: டாக்டரம்மாவின் அறையில் ஏழு நிமிடம் நின்றேன். சொல்ல வேண்டியதில் பாதிதான் சொன்னேன்.

நடுவில் எதை எழுதுவது என்று யோசித்தாள். எதுவும் தோன்றவில்லை. இரண்டு வரி இடம் விட்டு, கடைசி வரிக்குப் போனாள்.

நாளைய வேலை: ஒன்பது மணிக்கு, ஆடிட்டர் வருவதற்கு முன், டாக்டரம்மாவிடம் குறை சொன்னது நான் என்று சொல்வது. ஆட்டில் குறை இல்லை என்ற கடிதத்தைக் கொடுத்து சீல் வாங்குவது. பதினொன்றேகால் பஸ்ஸில் டயர்க்கடை. வண்டி பன்னிரண்டுக்கு வரும்.